மேசையில் வைத்த கத்தி

நினோவிடம் கத்தி கேட்பதைவிடக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுப்பது சுலபம். அந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

நினோ இத்தாலியின் பலேர்மோ நகரத்தின் ஓரத்தில், பிரான்காச்சோவில் ஒரு தையல் பட்டறை வைத்திருந்தார். சட்டை, பாவாடை தைக்கிற பட்டறை இல்லை. மொண்டெல்லோ கடற்கரையில் விரிக்கிற பெரிய குடைகள், வெயிலுக்குக் கட்டுகிற துணிப்பந்தல்கள், சாய்வுக் கதிரைகளுக்கான துணிகள் எல்லாம் அங்கேதான் தைத்தார்கள். கோடை வந்தால் வேலை குவியும். வேலை குவியக் குவிய நினோவின் குரலும் உயரும். ஜூன் மாதத்தில் அவர் "புவோன் ஜோர்னோ" என்று காலை வணக்கம் சொன்னாலே மூன்றாம் மாடியில் நாய் குரைக்கும்.

அமலினியின் அப்பா யாக்கோபு அந்தப் பட்டறையில்தான் வேலை செய்தார். நினோவுக்கு யாக்கோபு என்ற பெயர் வாயில் நுழையவில்லை. 'ஜாக்கொமோ' என்று கூப்பிட்டார். அப்பாவும் இரண்டு பெயருக்கும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

பள்ளிக்கூடம் மூடியாயிற்று. அம்மா நகரத்தில், சிஞ்ஞோரா என்று கூப்பிடும் ஒரு இத்தாலியப் பெண்ணின் வீட்டில் வேலை செய்தார். அதனால் பதினொரு வயது அமலினியும் அவளுடைய தம்பி கொட்வினும் பகலில் பட்டறை வாசலில்தான் விளையாடினார்கள். வீடு அதே கட்டிடத்தின் நாலாம் மாடியில் இருந்தது.

அன்று மத்தியானம் கொட்வினின் சைக்கிள் நின்றுவிட்டது. வாசலில் கிடந்த நைலோன் நூல் பின்சக்கரத்தின் நடுவே போய்ச் சுற்றி இறுகிவிட்டது. அமலினி கத்தரிக்கோலை விட்டுப் பார்த்தாள். அதன் நுனி உள்ளே போகவில்லை.

"அக்கா, நினோவிட்டைக் கேள். அவரிட்டைக் கத்தி இருக்கு" என்றான் கொட்வின்.

"நீ போய்க் கேள்."

"நான் சின்னப்பிள்ளை" என்றான் அவன். தனக்கு வேண்டாத வேலைகள் வரும்போது மட்டும் அவன் சின்னப்பிள்ளை ஆகிவிடுவான்.

அப்பா பின்பக்கம் வான் வண்டியில் கம்பிகளை ஏற்றிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. அமலினி பட்டறைக்குள் போனாள்.

நினோவின் மடக்குக் கத்தியை அவள் பலதடவை பார்த்திருக்கிறாள். கொம்பில் செய்த பழுப்பு நிறப் பிடி. நூல், கயிறு, பாண் ரொட்டி, பழம் எல்லாவற்றையும் அவர் அதனால்தான் வெட்டுவார். வெட்டி முடிந்ததும் அது நேரே அவருடைய காற்சட்டைப் பைக்குள் போய்விடும். அதை வேறு யாரும் தொட்டதை அவள் கண்டதேயில்லை.

"சிஞ்ஞோர் நினோ, உங்கள் கத்தியைக் கொஞ்ச நேரம் தருவீர்களா?" என்று இத்தாலிய மொழியில் கேட்டாள்.

தையல் இயந்திரம் நின்றது. நினோவின் தடித்த புருவங்கள் மெல்ல உயர்ந்தன.

"எதற்கு?"

"தம்பியின் சைக்கிளில் நூல் சிக்கிவிட்டது."

"வெட்டத் தெரியுமா?"

"தெரியும். உடம்புக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி வெட்டுவேன். கத்தி போகிற பக்கம் விரல் வைக்க மாட்டேன்."

நினோ அவளைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மொண்டெல்லோவில் ஒரு உல்லாசக் கடற்கரைக்குப் பந்தல்துணி போகவேண்டும். எழுந்துபோய் நூல் வெட்ட அவருக்கு நேரமில்லை. அவர் பைக்குள் கைவிட்டார்.

"மூடித் தருகிறேன். மூடித்தான் வரவேண்டும். உன்னிடம்தான் தருகிறேன். உன் தம்பியிடம்கூடப் போகக்கூடாது."

அவர் கத்தியை அவளுடைய உள்ளங்கையில் வைத்து, அவளுடைய விரல்களையும் தானே மடக்கிவிட்டார்.

அமலினி திடுக்கிட்டாள். அவர்கள் வீட்டில் கத்தியை யாரும் கையில் கொடுப்பதில்லை. "கீழ வை பிள்ளை, எடுக்கிற ஆள் எடுக்கட்டும். கையில குடுத்தால் ரெண்டுபேருக்கும் சண்டை வரும்" என்று அம்மா சொல்வார். அம்மா பிறந்த மன்னாரில் அவருக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். ஆனால் நினோவிடம் போய், "மேசையில் வையுங்கள், நான் எடுக்கிறேன்" என்று யார் சொல்வது? அவள் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்தாள்.

நூலை வெட்டி எடுக்க அதிக நேரம் ஆகவில்லை. கத்தி நல்ல கூர். சக்கரம் மறுபடி சுற்றியது.

"எனக்கும் ஒருக்கால் தா அக்கா."

"ஏலாது. இது எங்கட சாமான் இல்லை."

"தொட்டு மட்டும் பாக்கிறன்."

"கண்ணாலை பார். அது காணும்."

கத்தியின் அலகில் பழச்சாறு காய்ந்து ஒட்டியிருந்தது. எத்தனை நாள் பழையதோ தெரியாது. வாங்கிய பொருளை வாங்கியதைவிட நன்றாகக் கொடுக்கவேண்டும் என்று அமலினிக்குத் தோன்றியது. ஈரத்துணியால் தேய்த்தாள். காய்ந்த துணியால் துடைத்தாள். முகம் தெரியும்வரை துடைத்தாள். பிறகு விரல் படாமல் கவனமாக மூடினாள்.

பட்டறைக்குள் நினோ டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். டெலிபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கியிருந்தார். பேசுவதற்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. மறுமுனையில் இருந்தவருக்கு அந்தக் கைகள் தெரியாது என்பதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

அமலினி காத்து நின்றாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது கத்தியை அவர் கையில் திணிக்கவா முடியும்? நினோவோடு சண்டை வந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. அம்மா சொல்கிறபடி செய்வதுதான் நல்லது. மேசையில், அவருடைய முழங்கைக்குப் பக்கத்தில், நீலமும் வெள்ளையுமாகக் கோடுபோட்ட பந்தல்துணி மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் கத்தியை மெதுவாக வைத்தாள்.

"சிஞ்ஞோர் நினோ, கத்தி. கிராட்சியே" என்று நன்றி சொன்னாள்.

நினோவின் வலதுகை மேலே போய்க் கீழே வந்தது. சரி என்று சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் சந்தோசமாக வெளியே ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் அப்பா ஒரு பெரிய துணிக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, நான் மொண்டெல்லோவுக்குப் போறன். பந்தல் கட்டிப்போட்டு வாறன். தம்பியைப் பார்த்துக்கொள். நினோவுக்கு இடைஞ்சல் குடுக்கக் கூடாது."

"ஓம் அப்பா."

வான் புறப்பட்டுப் போனது.

நினோவுக்குப் பசி வந்தபோதுதான் எல்லாம் தொடங்கியது. அவர் ஒரு பீச் பழத்தை எடுத்தார். வலதுபக்கப் பையைத் தட்டினார். இடதுபக்கப் பையைத் தட்டினார். சட்டைப் பையையும் தட்டினார். பழத்தை மேசையில் வைத்தார்.

"அமலினி."

அவர் கத்தவில்லை. மெதுவாகக் கூப்பிட்டார். நினோ சத்தம் போட்டால் யாரும் பயப்படுவதில்லை. அவருடைய குரல் இறங்கினால்தான் பயம். அமலினியின் கால்கள் உள்ளே போகவே விரும்பவில்லை.

"என் கத்தி எங்கே?"

"அப்போதே கொண்டுவந்து தந்துவிட்டேனே."

"யார் கையில்?"

"கையில் இல்லை. மேசையில் வைத்தேன்."

"மேசையில்" என்றார் நினோ. "நான் உன் கையில் தந்தேன். நீ மேசையில் வைத்தாய். ஏன், என் கைக்கு என்ன குறை?"

"நான் சொல்லிவிட்டுத்தான் வைத்தேன். நீங்கள் கையைக்கூட உயர்த்தினீர்கள்."

"டெலிபோனில் பேசினேன். கையை உயர்த்தாமல் எப்படிப் பேசுவது?"

இருவரும் தேடினார்கள். மேசைக்கு மேலே தேடினார்கள். கீழே தேடினார்கள். நூல்கட்டைப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். தையல் இயந்திரத்தின் பின்னால் காணாமல்போன பழைய மூக்குக் கண்ணாடி ஒன்று கிடைத்தது. கத்தி கிடைக்கவில்லை.

நினோ கதிரையில் உட்கார்ந்தார். "இன்று இந்த மேசைப் பக்கம் நீ வந்தாய். உன் அப்பா வந்தார். வேறு யாரும் வரவில்லை" என்றார்.

அமலினிக்கு அது போதும். கண் நிறைந்துவிட்டது. தன்னைக் கள்ளி என்று நினைத்தாலும் பரவாயில்லை. அப்பாவையுமா?

அவள் வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள். கொட்வின் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டான்.

"அக்கா, பூனை கொண்டுபோட்டுது எண்டு சொல்லுவமே?"

"பூனை கத்தியை வைச்சு என்ன செய்யும்?"

"மீன் வெட்டும்."

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். உள்ளே போனேன். மேசைப் பக்கம் நின்றேன். கத்தியை வைத்தேன். எதன்மேல் வைத்தேன்? நீலக்கோட்டுத் துணியின்மேல். அந்தத் துணி இப்போது எங்கே?

அவள் எட்டி உள்ளே பார்த்தாள். மேசையில் பீச் பழம் மட்டும் இருந்தது. அந்தத் துணிக்கட்டைத்தான் அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். கத்தி அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் அவளுக்குச் சந்தோசம் வந்தது. அடுத்த நிமிடமே பயம் வந்தது.

காரணமில்லாமல் கத்தியோடு வெளியில் திரியக்கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். பிடித்தால் கேள்விகேட்பார்கள். கோடையில் மொண்டெல்லோவில் மனிதர் கால்வைக்க இடமிருக்காது. பொலிஸும் நிற்கும். அப்பாவுக்கோ கட்டுக்குள் கத்தி இருப்பதே தெரியாது. அவர் அத்தனை பேருக்கும் முன்னால் அதை அவிழ்க்கப்போகிறார்.

இன்னொன்றும் இருந்தது. அப்பாவின் பெர்மெஸ்ஸோ, அதாவது அந்த நாட்டில் தங்கியிருப்பதற்கான அனுமதி அட்டை, புதுப்பிப்பதற்காகக் குவெஸ்தூரா என்கிற பெரிய பொலிஸ் கந்தோரில் இருந்தது. "அது கைக்கு வாறமட்டும் ஒருத்தரோடையும் ஒரு பிரச்சினையும் வேண்டாம்" என்று அப்பா அடிக்கடி சொல்வார். பேருந்தில் யாராவது காலை மிதித்தாலும் அப்பாதான் மன்னிப்புக் கேட்பார்.

அமலினி என்ன செய்வாள்? பேசாமல் இருந்தால், அப்பா கத்தியைக் கண்டு, பைக்குள் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பி வரக்கூடும். நினோவிடம் சொன்னால், "ஓகோ, உன் அப்பாதான் எடுத்துப் போனார்" என்று அவர் சொல்லக்கூடும். சொல்லவும் பயம், சொல்லாமல் இருக்கவும் பயம்.

ஆனால் அப்பா அங்கே தனியாக நிற்கிறார். அவள் எழுந்தாள்.

"கத்தி பந்தல்துணிக்குள் இருக்கிறது" என்றாள் நினோவிடம். "அப்பா எடுக்கவில்லை. நான் துணியின்மேல் வைத்தேன். துணியோடு போய்விட்டது."

"அந்தத் துணியைக் கட்டியது நான். என் கண் தெரியாதா?" என்று நினோ உறுமினார்.

"டெலிபோனில் பேசிக்கொண்டே கட்டினீர்களா?"

கேட்ட பிறகுதான் இப்படிக் கேட்டிருக்கக்கூடாதோ என்று அவளுக்குத் தோன்றியது. நினோ டெலிபோனை எடுத்து அப்பாவின் எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலைசெய்யும்போது அப்பா டெலிபோனை வானுக்குள் வைத்துவிடுவார்.

பிறகு பந்தல் கேட்டிருந்த கடற்கரைக்காரருக்கு டெலிபோன் எடுத்தார். அந்தப் பக்கம் யாரோ வேகமாகப் பேசினார்கள்.

"கத்தியா?" என்றார் நினோ. "யார்? கராபினியேரியா? நான் வரும்வரை ஜாக்கொமோவை எங்கும் கொண்டுபோகவேண்டாம் என்று சொல்."

கராபினியேரி என்றால் பொலிஸ் என்பது கொட்வினுக்குக்கூடத் தெரியும். அவன் அக்காவின் கையைப் பிடித்தான்.

நினோவின் சின்னக் காரில் மூவரும் ஏறினார்கள். அமலினி முன்னால் உட்கார்ந்திருந்த நினோவின் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் கழுத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அவர் என்ன சொல்லப்போகிறார்? 'என் கத்தி, இவன் எடுத்துவிட்டான்' என்று சொல்லிவிட்டால்? ஒரு வார்த்தை போதும். அதன் பிறகு குவெஸ்தூராவில் அப்பா என்ன சொன்னாலும் யார் கேட்பார்கள்?

துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன. எல்லோரும் ஹோர்ன் அடித்தார்கள். நினோ மட்டும் அடிக்கவில்லை. அவர் ஹோர்ன் அடித்துத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று அமலினி நினைத்தாள்.

"அக்கா, அப்பாவைப் பிடிச்சுக்கொண்டு போடுவினமே?" என்று கொட்வின் காதுக்குள் கேட்டான்.

"இல்லை."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

அவளுக்குத் தெரியாது. அவனுடைய கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மொண்டெல்லோவில் கடல் பச்சையாகக் கிடந்தது. மனிதர்கள் குளித்தார்கள், சாப்பிட்டார்கள், பந்து விளையாடினார்கள். ஒரு இடத்தில் மட்டும் சிலர் கூட்டமாக நின்றார்கள். நடுவில் சீருடையோடு ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அவர்களுக்கு முன்னால் அப்பா.

பயம் வந்தால் அப்பாவுக்கு இத்தாலிய மொழி மறந்துவிடும். "என்னுடையது இல்லை, என்னுடையது இல்லை" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏணி சாய்ந்து நின்றது. நீலக்கோட்டுத் துணி மணலில் அவிழ்ந்து கிடந்தது. பெர்மெஸ்ஸோவுக்கு விண்ணப்பித்த அத்தாட்சித் துண்டு பொலிஸ்காரரின் கையில் இருந்தது. பொலிஸ்காரியின் கையில் கத்தி இருந்தது.

"துணியை உதறினார், என் பிள்ளையின் காலடியில் விழுந்தது" என்று நீச்சலுடையில் நின்ற ஒரு பெண் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்பா அமலினியைக் கண்டுவிட்டார். "பிள்ளை, நீ ஏன் இஞ்சை வந்தனீ? தம்பியைக் கூட்டிக்கொண்டு அங்கால போ."

"இல்லை அப்பா. அது நான்தான் வைச்சனான்."

அவள் கூட்டத்துக்குள் நுழைந்து அப்பாவுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பொலிஸ்காரி குனிந்தாள்.

"உனக்கு இதைப் பற்றித் தெரியுமா?"

அமலினி எல்லாவற்றையும் சொன்னாள். சைக்கிள், நூல், கத்தி, டெலிபோன், துணி. முதலில் வார்த்தைகள் தடுக்கின. போகப்போகக் கைகளும் சேர்ந்து பேசத் தொடங்கின. அவளும் பலேர்மோவில் பிறந்தவள்தானே.

பொலிஸ்காரர் நெற்றியைச் சுருக்கினார். "திருப்பிக் கொடுக்கப் போனவள் கையில் கொடுக்க வேண்டியதுதானே? கத்தியை வைத்துவிட்டு யாராவது போவார்களா?"

"கையில் கொடுத்தால் சண்டை வரும்" என்றாள் அமலினி.

"என்ன?"

"கொடுக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் சண்டை வரும். அதனால் நாங்கள் கீழே வைப்போம். மற்றவர் எடுத்துக்கொள்வார். அதுதான் மரியாதை."

கூட்டத்தில் இரண்டுபேர் சிரித்தார்கள். பொலிஸ்காரர் சிரிக்கவில்லை. நம்பியதாகவும் தெரியவில்லை. அவர் நினோவைப் பார்த்தார். "கத்தி உங்களுடையதா? இந்தப் பிள்ளை சொல்வது உண்மையா?"

நினோ கத்தியைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அவர் மனதுக்குள் எதையோ எடைபோட்டுக்கொண்டிருந்தார்.

அமலினிக்கு அழுகை முட்டியது. அழுதால் பேச முடியாது. பேசாவிட்டால் அப்பா போய்விடுவார். எப்படிச் சொன்னால் இவர்களுக்குப் புரியும்? பட்டறையில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் நடந்தது திடீரென்று அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"சிஞ்ஞோர் நினோ, நீங்கள் உப்பு கேட்டபோது அப்பா உங்கள் கையில் தர வந்தார். நீங்கள் கையை இழுத்துக்கொண்டீர்கள். ஏன்?"

"உப்பா?" நினோ திகைத்தார். "உப்பை யாராவது கையில் வாங்குவார்களா?"

"மேசையில்தான் வைக்கவேண்டும்" என்று நீச்சலுடைப் பெண் உடனே சொன்னாள்.

"கையில் வாங்கினால் வீட்டில் சண்டைதான். என் அம்மா கரண்டியால் அடிப்பார்" என்றார் பொலிஸ்காரர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது.

"எங்களுக்குக் கத்தி அப்படி" என்றாள் அமலினி. "சிஞ்ஞோர் நினோவோடு சண்டை வரக்கூடாது என்றுதான் வைத்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. நினோ பொலிஸ்காரியின் பக்கம் திரும்பினார்.

"விழுந்தபோது திறந்திருந்ததா, மூடியிருந்ததா?"

"மூடியிருந்தது."

"நான் பார்க்கலாமா?"

பொலிஸ்காரி கத்தியை நீட்டினாள். நினோ வாங்கி, பாதி திறந்தார். அலகில் வெயில் பட்டுப் பளிச்சென்றது. அவர் கண்ணுக்குக் கிட்டவாகக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதில் பழச்சாறு பிடித்திருந்ததே. யார் துடைத்தது?"

"நான்தான்" என்றாள் அமலினி. "வாங்கிய பொருளை அழுக்காகத் திருப்பிக் கொடுக்கலாமா?"

நினோ நீளமாக மூச்சு விட்டார். கத்தியை மூடினார். அவருடைய குரல் உயர்ந்தது. பக்கத்துக் குடைகளில் படுத்திருந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்தார்கள்.

"கத்தி என்னுடையது. தொழிலுக்கு வைத்திருக்கிறேன். இந்தப் பிள்ளை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தது. நான்தான் டெலிபோனில் பேசிக்கொண்டு, கத்தியைப் பார்க்காமல், இன்னொரு துணியை மேலே போட்டுக் கட்டிவிட்டேன். கட்டியது நான். முடிச்சும் என் முடிச்சு. ஜாக்கொமோ தூக்கிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். யாரையாவது கேள்வி கேட்கவேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள்."

பொலிஸ்காரர் பொலிஸ்காரியைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் அத்தாட்சித் துண்டை மடித்து அப்பாவிடம் கொடுத்தார்.

"வேலையைப் பாருங்கள்" என்றார். "வெயில் சுடுகிறது, மக்களுக்கு நிழல் வேண்டும்."

அப்பா அத்தாட்சியைச் சட்டைப் பைக்குள் வைத்தார். பைக்கு மேலே கையை அழுத்திக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே நின்றார். கூட்டம் கலைந்தது. கொட்வின் ஓடிவந்து அவருடைய காலைக் கட்டிக்கொண்டான்.

"சரியாப் பயந்திட்டியோ பிள்ளை?" என்று அப்பா அமலினியிடம் கேட்டார்.

"ஓம் அப்பா. நீங்கள்?"

"நானும்தான்" என்றார் அப்பா. "அம்மாட்டை இப்ப சொல்ல வேண்டாம். சாப்பிட்டாப்பிறகு சொல்லுவம்."

நினோ கொஞ்சம் தள்ளி நின்று தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அப்பாவிடம் வந்து ஏதோ சொல்லப் பார்த்தார். "ஜாக்கொமோ" என்று தொடங்கினார். பிறகு தொண்டையைச் செருமினார். "இல்லை. யா-கோ-பு" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். "நான் பிள்ளையிடம் ஒரு பிழையான வார்த்தை சொல்லிவிட்டேன். உன்னைப் பற்றியும்தான். ஸ்கூசா."

மன்னிப்புக் கேட்கிற அந்த இத்தாலிய வார்த்தையை நினோவின் வாயிலிருந்து அப்பா அதற்கு முன் கேட்டதில்லை. "பரவாயில்லை, பந்தலைக் கட்டுவோம்" என்றார்.

இருவரும் கட்டத் தொடங்கினார்கள். நினோ ஒரு பக்கம் இழுத்தார். அப்பா ஏணியில் ஏறி மறுபக்கம் இழுத்துக் கட்டினார். கட்டி முடிந்ததும் கயிற்றின் நுனி நீளமாகத் தொங்கியது. அப்பா வெட்டுவதற்கு எதையோ தேடி அங்கும் இங்கும் பார்த்தார். கேட்கவில்லை.

நினோ பைக்குள் கைவிட்டார். கத்தியை எடுத்தார். கை அப்பாவின் பக்கம் பாதி தூரம் போய், நின்றது. அவர் ஏணிக்குப் பக்கத்தில் கிடந்த கதிரையில் கத்தியை வைத்தார். வைத்துவிட்டு, மரியாதையாக ஒரு அடி பின்னால் தள்ளி நின்றார்.

அப்பா இறங்கிவந்து எடுத்தார். கயிற்றை அறுத்தார். சட்டை நுனியால் அலகைத் துடைத்தார், மூடினார். கதிரையைப் பார்த்தார். நினோவைப் பார்த்தார். பிறகு போய், நினோவின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் கத்தியை வைத்து, அவருடைய தடித்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டார்.

கொட்வின் வாயைப் பிளந்தான். "அக்கா, அப்பா கையில குடுத்திட்டார். இனிச் சண்டை வரப்போகுது."

"பொறு, பாப்பம்" என்றாள் அமலினி.

இருவரும் மணலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். நினோ கத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டு கடைப்பக்கம் போனார். திரும்பி வரும்போது அவர் இரண்டு கைகளிலும் எதையோ தூக்கிக்கொண்டு வந்தார். கொட்வின் அக்காவின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

சண்டை வரவில்லை. ஆளுக்கொரு எலுமிச்சை ஐஸ் வந்தது.